கடுமையான முதுகுவலி வந்து, பழையபடி எழுந்து நடந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

இருக்கிறேன். முழுசாகப் பழையபடி என்று சொன்னால் பொய். வலது கால் பெருவிரல் இன்றைக்கும் பாதி மரத்துத்தான் கிடக்கிறது. ஆனால் நடக்கிறேன், வேலைக்குப் போகிறேன், தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறேன்.

மூன்று மாதமாகப் படுக்கையில் இருப்பதாகவும், வயது 34 என்றும், குணமாகும் என்ற நம்பிக்கையே போய்விட்டது என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்ன வேலை என்று எழுதவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்று நானாக வைத்துக்கொள்கிறேன். வீட்டில் முதல் மாதம் தாங்கியிருப்பார்கள். இரண்டாம் மாதம் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் மாதம் நீங்கள் முனகினால் டிவி சத்தத்தைக் கூட்டியிருப்பார்கள். தப்பாக இருந்தால் மன்னிக்கவும், என் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

நான் டாக்டர் இல்லை. சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுபவன். பத்தாவது முடித்தவன் வைத்தியம் சொல்ல வந்துவிட்டான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வைத்தியம் சொல்லவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரில் ஆடி 18 அன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றிலிருந்து மார்கழி முடியும் வரை சீசன். 23-க்கு 36 அங்குலம், 60 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 60 கிராம்) தாள் ஒரு ரீம், அதாவது 500 தாள், 16 கிலோ இருக்கும். சீசனில் ஒரு நாளைக்கு 150 ரீம் கை மாறும். குனிந்து தூக்கி, இடுப்பைத் திருப்பி, மேஜையில் போட்டு, தட்டி நேராக்கி, வெட்ட வேண்டும். பதினேழு வருடம் அப்படித் தூக்கியதில் ஒன்றும் ஆகவில்லை. 2018 நவம்பரில் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு, வாய் கொப்பளிக்கக் குனிந்த இடத்தில் ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். இடுப்பில் யாரோ கடப்பாரையை இறக்கியது மாதிரி இருந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. 'ஏங்க, தண்ணி ஓடுதுல்ல, மூடுங்க' என்று என் மனைவி சத்தம் போட்டது நன்றாக நினைவிருக்கிறது.

முதல் வாரம் நாட்டு வைத்தியம். எங்கள் அத்தை, தாய் வயிற்றிலிருந்து கால் முன்னே வந்து பிறந்த ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எட்டாவது படிக்கிற பையன், கூச்சத்தோடு மூன்று தடவை இடுப்பில் காலை வைத்து எடுத்தான். பிஸ்கட் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு போனான். பாவம், அவன் மேல் தப்பில்லை, லேசாகத்தான் மிதித்தான். அதற்கப்புறம் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் எண்ணெய் போட்டு நீவி, முழங்காலை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார். அன்று ராத்திரி வலி இடுப்பிலிருந்து கிளம்பி, வலது புட்டம் வழியாகத் தொடை, கெண்டைக்கால் எல்லாம் இறங்கி, பெருவிரலில் போய் நின்றது. சூடான கம்பியை உள்ளே விட்டு இழுப்பது மாதிரி. இரண்டு நாளில் விரல் மரத்தது. நாட்டு வைத்தியத்தையே நான் குறை சொல்லவில்லை. எங்கள் அப்பாவின் தோள்பட்டையை இதே ஆள்தான் சரிசெய்தார். ஆனால் காலுக்கு இறங்குகிற வலியில் அமுக்குகிற வேலையே கூடாது என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் பஸ்ஸில் போனேன். உட்கார முடியாது, அதனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சீட் காலியாக இருக்க ஒருவன் நின்றால் நம் ஆட்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. 'உக்காருங்க அண்ணாச்சி' என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யாராவது ஒருவர். திருமங்கலம் வருவதற்குள் ஏழெட்டுப் பேருக்கு விளக்கம் சொல்லியிருப்பேன். கடைசியில் ஒரு பாட்டி, 'மூலமாய்யா?' என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை.

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் (இடுப்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பது) பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, அதற்குக் கீழே இருக்கிற எல்5-எஸ்1 டிஸ்க் தேய்ந்திருக்கிறது, இன்னும் இரண்டு இடத்தில் வீக்கம் என்று வரிசையாக இருந்தது. முதலில் பார்த்த டாக்டர் ஒரு வாரத்தில் ஆபரேஷன் என்றார். பயந்துபோய் இன்னொருவரிடம் போனேன். அவர் என்னைப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கினார். ஒரு முழம் தூக்குவதற்குள் கத்திவிட்டேன். அப்புறம் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லி, அதைத் தன் விரலால் அமுக்கிப் பார்த்தார். குதிகாலில் நடக்கச் சொன்னார். 'பலம் இருக்கு. ஆறு வாரம் பார்ப்போம். நிறைய பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே அடங்கிடும், பிதுங்கினது தானாச் சுருங்கவும் செய்யும்' என்றார். ஆபரேஷன் சொன்னவர் தப்பானவர் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் தெருவிலேயே ஒருவர் ஆபரேஷன் செய்து மறு மாதம் கோயிலுக்கு நடந்து போனார். என் காலில் பலம் இருந்தது, அதனால் காத்திருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த ரிப்போர்ட்டை நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தினமும் படித்தேன். வலியைவிட அந்தக் காகிதம்தான் என்னைப் படுக்கப்போட்டது என்று இப்போது தோன்றுகிறது. தேய்ந்துபோச்சு என்ற சொல்லைப் படித்ததிலிருந்து திரும்பிப் படுக்கவே பயம், இன்னும் தேய்ந்துவிடுமோ என்று. பிறகு பிசியோதெரபிக்குப் போனபோது அங்கே பயிற்சி கொடுத்த பெண் ஒன்று சொன்னது. 2015-ல் ஒரு ஆய்வில், முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் வீக்கம். 40 வயதில் பாதிப் பேருக்கு. 80 வயதில் 84 சதவீதம். வலி இல்லாதவர்களுக்கு! 'உங்க ரிப்போர்ட்ல இருக்கிற எல்லாமே வலிக்குக் காரணம் இல்ல அண்ணே, நரை முடி மாதிரிதான் பாதி' என்றது. என் ரிப்போர்ட்டில் இருந்த நாலில் மூன்றை அன்றைக்கே அடித்துவிட்டேன், பேனாவால்.

எப்படி எழுந்திருப்பது என்பதை மட்டும் நான் டாக்டரிடமோ பிசியோவிடமோ கற்கவில்லை. இதைச் சொல்லத்தான் உங்கள் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் அச்சகத்தில் பைண்டிங்கில் வயதான அண்ணாச்சி ஒருவர் இருந்தார். மதியத்துக்கு மேல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிடுவார். 'சீசன் வந்தா உங்களுக்கு இடுப்பும் வந்துரும்' என்று எல்லார் முன்னாலும் சொன்னவன் நான்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார். நான் படுத்தபோது அச்சகத்தில் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அதே வசனம்தான். கட்டு இல்லை, ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை. படுத்திருக்கும்போது பார்க்க வந்தால் முகம் தெளிவாக இருக்கும். இவனுக்கு என்ன என்றுதான் பார்ப்பவனுக்குத் தோன்றும்.

நான் படுத்து மூன்றாவது வாரம் அந்த அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். வாழைப்பழம் வாங்கி வந்தார். எனக்கு முகத்தைப் பார்க்கக் கூசியது. அவர் பழைய பேச்சு எதையும் எடுக்கவில்லை. நான் எழுந்து உட்கார முயன்றதைப் பார்த்ததும், 'இப்படி நேரா எந்திரிச்சா உசிர் போகும்யா' என்றார். தரையில் என் பாயிலேயே பக்கத்தில் படுத்துக் காட்டினார், அறுபது வயது மனுஷன். முதலில் ஒருக்களித்துப் படு. முட்டியை மடக்கு. கட்டிலாக இருந்தால் இரண்டு காலையும் சேர்த்து வெளியே தொங்கவிடு, அதே நேரம் கையை ஊன்றி உடம்பைத் தள்ளு. இடுப்பை முறுக்கவே கூடாது. அன்றே கட்டிலுக்கு மாறினேன். இருபது நிமிடம் அழுதுகொண்டே எழுந்தவன் ஒரு நிமிடத்தில் எழுந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன், கேட்கவில்லை. அப்புறமும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு மாறியதும் உட்காருவதற்கு நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினோம், கக்கூஸுக்கு. இதை எழுத வெட்கம்தான். ஆனால் குத்துக்கால் போட முடியாமல் மூன்று நாள் சாப்பிடாமலே இருந்தவன் நான். முக்கினால் காலில் மின்னல் அடிக்கும். உங்கள் வீட்டில் அந்த நாற்காலி இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்.

பிசியோதெரபி ஐந்தாவது வாரம் தொடங்கியது. குப்புறப் படுக்க வேண்டும். பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்க வேண்டும். பழகியதும் இடுப்பு தரையில் இருக்க, கையை நீட்டி மேல் உடம்பை மட்டும் தூக்கிப் பத்து தடவை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நாலு நாளில் கெண்டைக்கால் வலி குறைந்து, இடுப்பில் வலி கூடிவிட்டது. நான் சண்டைக்குப் போய்விட்டேன், இருந்த வலியையும் கூட்டிவிட்டீர்கள் என்று. அந்தப் பெண் சிரித்தது. 'காலை விட்டு மேல ஏறி வருதுல்ல? அது நல்ல சேதி அண்ணே. இடுப்புல வந்து ஒதுங்கி, அங்கேயே தேய்ஞ்சிடும்.' நியூசிலாந்தில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்ட்டிடம் 1956-ல் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் தூக்கிவைத்திருந்த கட்டிலில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டாராம். உடம்பு வில் மாதிரி பின்னால் வளைந்து கிடந்திருக்கிறது. மெக்கன்சி வந்து பார்த்துப் பதறியிருக்கிறார். அந்த ஆளோ, இத்தனை வாரத்தில் இன்றைக்குத்தான் கால் நன்றாக இருக்கிறது என்றாராம். அந்தத் தற்செயலில் பிறந்த பயிற்சி இது என்று சொன்னது.

உடனே நீங்களும் குப்புறப் படுத்துவிடாதீர்கள். எனக்குச் சரியானதைப் பார்த்து எங்கள் அம்மாவும் செய்தார்கள், இரண்டு நாளில் இரண்டு காலும் மரத்தது. அவர்களுக்குத் தண்டுவடம் போகிற பாதையே சுருங்கியிருந்திருக்கிறது. அப்படி இருப்பவர்களுக்குப் பின்னால் வளைந்தால் கூடும், முன்னால் குனிந்தால் சுகம். காய்கறி வண்டியைப் பிடித்துக் குனிந்து நடந்தால் மட்டும் வலிக்கவில்லை என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. ஒரே வீடு, இரண்டு முதுகு, இரண்டு எதிரெதிர் வைத்தியம். ஆகவே யாராவது ஒரு வீடியோவைக் காட்டி எல்லா முதுகுவலிக்கும் இது ஒன்றே போதும் என்றால் நம்பாதீர்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பொறுப்பில்லாமல் எழுதினேன் என்பார்கள். சிறுநீர் நின்றுபோவது அல்லது தெரியாமல் போவது, மலம் அடக்க முடியாதது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தொங்கிப்போவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, ராத்திரி என்றாலும். மூன்று மாதமாக வலியோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது இருந்தால் முதுகெலும்பில் டிபி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் அது அபூர்வம் இல்லை.

பணம்? ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்ததால் பிழைத்தேன். நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தருவார்கள். ஆனால் சீசன் ஓவர்டைம் போச்சு. எங்களுக்கு வருடத்தில் மிச்சம் பிடிப்பதே அதில்தான்.

சீசன் என்றதும் ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், மனசு ஆறவில்லை. நான் படுத்திருந்த டிசம்பரில் விசாரிக்க போன் செய்த சொந்தக்காரர்களில் பாதிப் பேர், 'உடம்பைப் பாத்துக்கப்பா, அப்புறம் அந்த டெய்லி காலண்டர் ரெண்டு...' என்று முடித்தார்கள். சிவகாசிக்காரன் என்றால் காலண்டரும் பட்டாசும் வீட்டுக் கொல்லையில் காய்க்கிறது என்று நினைப்பு. நாங்களும் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம். ஒரு வருடம் முழுக்க ராகு காலம் பார்க்கிறார்கள், அதற்கு ஐம்பது நூறு கொடுக்க மனசு வராது. அந்த வருடம் யாருக்கும் அனுப்பவில்லை. இரண்டு பேர் இன்னும் பேசுவதில்லை.

சரி. பதினொன்றாவது வாரம் வேலைக்குப் போனேன். முதலாளி ஒரு மாதம் எண்ணிக்கை பார்க்கும் வேலை கொடுத்தார். இப்போது ரீமைப் பிரித்துப் பாதி பாதியாக எடுக்கிறேன். இடுப்பைத் திருப்பாமல் காலை எடுத்துவைத்துத் திரும்புகிறேன். 2022-ல் ஒருமுறை மறுபடி பிடித்தது, பத்து நாள். பழைய பயம் அப்படியே வந்தது, ஆனால் இந்தத் தடவை படுத்தே கிடக்கவில்லை. முதல் நாள் மட்டும் படுத்தேன், மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் நடந்தேன். 2018-ல் மூன்று வாரம் ஆடாமல் கிடந்ததுதான் என் பெரிய தப்பு என்று டாக்டரும் சொன்னார். நீங்கள் மூன்று மாதம் படுத்திருப்பதாக எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதறியது அதனால்தான்.

நரம்பு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எனக்கு அதில் தலை கிறுகிறுத்துத் தூக்கம் தூக்கமாக வந்தது. அதை வைத்து உடம்பு அழிகிறது என்று நானே பயந்துகொண்டேன். அப்படி இருந்தால் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள், குறைப்பார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வலி இடுப்போடு நிற்கிறதா, காலுக்கு இறங்குகிறதா? இறங்கினால் முட்டிக்கு மேலேயா, கீழேயா? போன மாதம் எதுவரை இருந்தது, இப்போது எதுவரை இருக்கிறது? அதை நீங்கள் எழுதவே இல்லை. எனக்கு அதுதான் முதலில் மாறியது, நான் கவனிக்காமல் சண்டைக்குப் போனேன். பார்த்து எழுதுங்கள்.