கடவுள் என்னை நேசிக்கிறார் என்று நம்புகிறேன். ஆனாலும் பயம் விடமாட்டேன் என்கிறது. என் விசுவாசம் பொய்யா?

பொய்யில்லை. 'பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்' என்ற வசனம் (1 யோவான் 4:18) உங்களைக் குத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேரை அது அப்படித்தான் குத்துகிறது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள். யோவான் அங்கே நியாயத்தீர்ப்பு நாளைப் பற்றிப் பேசுகிறார். கடவுள் என்னைத் தண்டித்துவிடுவாரோ என்கிற பயம் இருக்கிறதே, அதைத்தான் அன்பு வெளியே தள்ளுகிறது. கூட்டத்தைக் கண்டால் நெஞ்சு படபடப்பதும், இரவில் கடல் இரைந்தால் தூக்கம் கலைவதும், பிள்ளை வீடு வரப் பிந்தினால் கை நடுங்குவதும் அந்த வசனத்தின் கணக்கில் வராது.

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். இந்த இரண்டு பயமும் எங்கள் ஊருக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26, கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கல்லடி, நாவலடிப் பக்கமெல்லாம் கடல் வாரிக்கொண்டு போனது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு, சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பலர் சிறுபிள்ளைகள், ஞாயிறு பாடசாலை முடிந்து வெளியே நின்றவர்கள். இரண்டு முறையும் 'இது கடவுளின் தண்டனை' என்று சொல்ல ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பேச்சை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, எருசலேமில் இருந்த மற்றவர்களைவிட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டவர் இயேசு. இல்லை என்று பதில் சொன்னவரும் அவரே (லூக்கா 13:4-5). மனந்திரும்புங்கள் என்று அவர் சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களிடம். செத்தவர்கள்மேல் ஒரு சொல் பழி போடவில்லை.

சரி, தண்டனைப் பயம் போன பிறகும் உடம்பில் தங்கிவிட்ட பயத்தை என்ன செய்வது?

2019க்குப் பிறகு என் அம்மா ஆராதனையில் வாசலுக்குக் கிட்டத்தான் உட்காருவார். யாராவது பெரிய பையோடு உள்ளே வந்தால் திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, விசுவாசப்பிரமாணத்தை விட்ட இடத்திலிருந்து சொல்லுவார். ஆராதனைக்கு வராமல் மட்டும் இருக்கமாட்டார். அம்மாவின் அந்தப் பயத்தை யாராவது அவிசுவாசம் என்று சொன்னால் எனக்குக் கோபமே வரும். 'நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்' என்று 56ஆம் சங்கீதம் சொல்கிறது. பெலிஸ்தர் தாவீதைக் காத்தூரில் பிடித்தபோது பாடியது என்று அதன் தலைப்பிலேயே இருக்கிறது. பயம் தீரட்டும், அப்புறம் நம்புகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை.

நீங்கள் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பயம் போகும்வரை ஜெபிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது. கெத்செமனேயில் இயேசுவே திகிலடைந்தார் என்று மாற்கு மறைக்காமல் எழுதுகிறார். அந்த இரவில் அவர் பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் கூட்டிக்கொண்டு போய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். ஆகவே நீங்களும் ஓர் ஆளிடம் சொல்லுங்கள். போதகரோ, அக்காவோ, ஜெபக்கூட்டத்துக்கு வருகிற ஒரு மாமியோ, யாராக இருந்தாலும் சரி. 'எனக்குப் பயமாக இருக்கிறது, பக்கத்தில் இருங்கள்' என்று கேட்டால் போதும். கடவுளிடமும் அதே வார்த்தையில் சொல்லலாம், தைரியசாலிபோல ஜெபிக்க வேண்டியதில்லை.

தூக்கமும் சாப்பாடும் நீண்ட நாளாகக் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கள் சபையில் மருந்தும் எடுத்துக்கொண்டு ஜெபக்கூட்டத்தையும் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் சபையிலும் அப்படி யாராவது இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள்.