வாசகர் கேள்வி பதில்: ஆலயத்தில் திருமணம், திறந்தவெளியில் வரவேற்பு

கேள்வி: தோழியின் திருமணம் கத்தோலிக்க ஆலயத்தில் நடக்கிறது. அந்த வழிபாடு எனக்குப் பழக்கமில்லை. எவ்வளவு நேரம் ஆகும்? எப்போது எழுவது, எப்போது உட்காருவது?

முதலில் அழைப்பிதழைப் பாருங்கள். 'திருமணத் திருப்பலி' (நற்கருணை வழங்கும் முழு வழிபாட்டோடு சேர்ந்த திருமணம்) என்றிருந்தால் ஒரு மணி நேரமாவது ஆகும். பாடல்களும் மறையுரையும் (குருவின் பிரசங்கம்) நீண்டால் ஒன்றேகால் மணி. திருப்பலி இல்லாத திருமணச் சடங்கு மட்டும் என்றால் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். மணமக்களில் ஒருவர் கத்தோலிக்கர் இல்லாதபோது பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான்.

20 நிமிடம் முன்பே போய்விடுங்கள். முன்வரிசைகள் குடும்பத்தாருக்கு. நீங்கள் நடுவில் உட்கார்ந்தால், முன்னால் இருப்பவர்களைப் பார்த்தே எழலாம், உட்காரலாம். வருகைப் பவனிக்கு, அதாவது மணமக்கள் ஊர்வலமாக உள்ளே வரும்போது, எல்லோரும் எழுவார்கள். பைபிள் வாசகங்களுக்கு உட்காருவார்கள், இயேசுவின் வாழ்வைச் சொல்லும் நற்செய்தி வாசகத்துக்கு எழுவார்கள், மறையுரைக்கு மறுபடி உட்காருவார்கள்.

மறையுரை முடிந்ததும் வருவதுதான் திருமணத்தின் உயிர்நாடி. சுதந்திரமாக மணமுடிக்க வந்திருக்கிறீர்களா, வாழ்நாளெல்லாம் ஒருவரையொருவர் நேசித்து மதிப்பீர்களா, குழந்தைகளை ஏற்று வளர்ப்பீர்களா என்று குருவானவர் கேட்பார். (மணமக்கள் வயதில் மூத்தவர்களானால் மூன்றாவது கேள்வியை விட்டுவிடுவதுண்டு.) பிறகு இருவரும் வலக்கைகளைச் சேர்த்துப் பிடித்து, இன்பத்திலும் துன்பத்திலும் பிரமாணிக்கமாய் இருப்பதாக வாக்குக் கொடுப்பார்கள். கத்தோலிக்கரில் பெரும்பான்மையோர் பின்பற்றும் லத்தீன் வழிபாட்டு மரபில் இந்த அருளடையாளத்தை (இறையருள் தரும் புனிதச் சடங்கை) வழங்குபவர் குரு அல்ல. மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்கிறார்கள். குருவும் இரண்டு சாட்சிகளும் அந்த வார்த்தைகளைக் காதால் கேட்க வேண்டும். பதற்றத்தில் மணமக்களின் குரல் மெலிந்துதான் வரும். அந்த இரண்டு நிமிடம் முழு அமைதி கொடுங்கள். விருந்தினர் தரக்கூடிய பெரிய பரிசு அதுதான்.

திருப்பலியில் அப்பத்தையும் இரசத்தையும் வைத்துக் குரு சொல்லும் நற்கருணை மன்றாட்டின்போது கத்தோலிக்கர் முழங்காலிடுவார்கள். உங்களுக்கு அது கட்டாயமில்லை, அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும். சிலுவை அடையாளம் போடவும் வேண்டியதில்லை. பெஞ்சுக்குக் கீழே மடக்கிவைத்த முழங்கால் பலகை இருந்தால் அதன்மேல் செருப்புக் காலை வைக்காதீர்கள். இறக்கும்போது இரு கையாலும் பிடித்து மெல்ல இறக்குங்கள். கை நழுவினால் பக்கத்தில் இருப்பவர் கால்விரலில் விழும், சத்தம் ஆலயம் முழுக்க எதிரொலிக்கும்.

கேள்வி: எல்லோரும் வரிசையில் போய் நற்கருணை வாங்கும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தால் மணமக்கள் வருத்தப்படுவார்களா?

மாட்டார்கள். கத்தோலிக்கருக்கு அது பிரசாதம் போன்றதல்ல, கிறிஸ்துவின் உடல் என்ற நம்பிக்கை. யார் பெறலாம் என்பதை 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 844-ஆம் எண் வரையறுக்கிறது. திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவர்கள் நற்கருணை பெறுவதில்லை. மற்றவர்கள் வெளியே போக வழிவிட்டு, இடத்திலேயே இருங்கள். கத்தோலிக்கர்களிலும் பலர் அன்று வாங்காமல் இருப்பார்கள், யாரும் கவனிக்கப் போவதில்லை. சில பங்குகளில் (ஊர் ஆலயச் சமூகங்களில்) கைகளை மார்பில் குறுக்காக வைத்துப் போனால் குரு ஆசீர் அளிப்பார். எல்லா இடத்திலும் அந்த வழக்கம் இல்லை, விசாரித்துவிட்டுப் போங்கள்.

நற்கருணை வாங்கப்போகும் கத்தோலிக்க வாசகர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் கூடாது.

கேள்வி: மோதிரம் மாற்றுவதை ஃபோனில் எடுக்கலாமா?

வேண்டாம். நடுப்பாதைக்கு நீட்டிய ஒரு கை போதும், புகைப்படக்காரர் எடுக்கும் பவனிப் படம் கெட்டுவிட. ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். சைலன்ட் போதாது, மரப் பெஞ்சின்மேல் அது அதிர்வதும் நன்றாகக் கேட்கும். படமெடுக்க ஆலய வாசலில் வேண்டிய நேரம் கிடைக்கும்.

கேள்வி: தாமதமாகிவிட்டால்?

பவனி நடந்துகொண்டிருந்தால் மணப்பெண்ணுக்குப் பின்னால் நுழையாதீர்கள். பின்வாசலில் நின்று, அடுத்த பாடலின்போது பக்கவாட்டு வழியாகப் போய்க் கடைசி வரிசையில் உட்காருங்கள். வாசகமோ வாக்குறுதியோ நடக்கும்போது நடமாட்டமே கூடாது.

கேள்வி: வரவேற்பு மாலையில் புல்வெளியில். எந்தச் செருப்பு, எப்படிப்பட்ட உடை?

ஊசிக் குதிகால் வேண்டாம். உடல் எடை முழுவதும் ஒரு சிறு புள்ளியில் இறங்குவதால், நீர் பாய்ச்சிய மண்ணில் குதி புதைந்து கணுக்கால் மடங்கும். அடி அகலமான குதியோ தட்டைச் செருப்போ போதும். புடவையோ கவுனோ, ஓரம் தரையிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் நிற்கட்டும். ஈரப்புல்லில் இழுபட்டால் பச்சைக் கறை பிடிக்கும், அது லேசில் போகாது. ஆலயத்துக்குத் தோளை மூடும் ஒரு சால்வை எடுத்துச் செல்லுங்கள். இரவுக் குளிருக்கும் அதுவே உதவும். ஆண்கள் தொப்பியை ஆலய வாசலிலேயே கழற்றிவிட வேண்டும்.

வெயில் இருக்கும்போதே வரவேற்பு தொடங்கினால் சன்ஸ்கிரீனை 15 முதல் 30 நிமிடம் முன்பு பூசி, இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூசுங்கள். கொசு விரட்டி அதன்மேல்தான். வரிசை மாறக் கூடாது.

கேள்வி: திறந்தவெளியில் வைத்த உணவை நம்பிச் சாப்பிடலாமா? இடி மின்னல் வந்தால் பந்தலுக்குள் போகலாமா?

சூடாக இருக்க வேண்டியது ஆவி பறக்க, குளிராக இருக்க வேண்டியது பனிக்கட்டிமேல் இருந்தால் சாப்பிடலாம். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்ததைத் தொடாதீர்கள். 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கிரீம், முட்டை, இறைச்சி சேர்ந்தவற்றில் கிருமி வேகமாகப் பெருகும். வாடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதல் சுற்றிலேயே பரிமாறச் சொல்லுங்கள்.

இடி கேட்டால் பந்தல் பாதுகாப்பல்ல, அதன் உலோகக் கம்பங்கள் ஆபத்தானவை. கட்டடத்துக்குள்ளோ, கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள்.

கேள்வி: சனிக்கிழமை மாலைத் திருமணத் திருப்பலியில் பங்கேற்றால், ஞாயிறு திருப்பலிக்குப் போக வேண்டிய கத்தோலிக்கரின் கடன் தீருமா?

தீரும். முந்தைய நாள் மாலைத் திருப்பலியையும் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248-ஆம் எண் ஏற்கிறது, அது திருமணத் திருப்பலியாக இருந்தாலும் சரி. திருப்பலி இல்லாத சடங்கு மட்டும் என்றால் ஞாயிறன்று போகத்தான் வேண்டும்.