மஸ்டாங் உடற்பகுதி கேட் (கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளில் ஏன் அலையலையாக வருகிறது?

கேள்வி: பி-51டி மஸ்டாங் போர் விமானத்தின் 1/8 அளவு ரேடியோ கன்ட்ரோல் மாதிரியைச் செய்ய விரும்புகிறேன். 1/72 அளவில் அச்சான மூன்று தோற்ற வரைபடத்தை ஸ்கேன் செய்து ஃபியூஷன் 360-இல் ஏற்றி, பதினான்கு குறுக்குவெட்டுகளை ஸ்ப்லைனால் (புள்ளிகள் வழியே செல்லும் நெகிழ்வளைவால்) வரைந்து லாஃப்ட் செய்தேன், அதாவது வெட்டுகளை இணைத்து ஒரே பரப்பாக்கினேன். பரப்பு அலையலையாக வருகிறது. முதுகில் கூரான வரம்பு ஒன்றும் தெரிகிறது. ஃபார்மர்களை (உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களை) துல்லியமாக எடுப்பது எப்படி?

பதில்: லாஃப்டில் குறையில்லை, நீங்கள் அதற்குக் கொடுத்த கோடுகள்தாம் அலைகின்றன. 1/72 வரைபடத்தில் 0.3 மி.மீ. தடிமனுள்ள ஒரு கோடு, உங்கள் 1/8 மாதிரியில் 2.7 மி.மீ. ஆகிவிடும். ஒரு வெட்டைக் கோட்டின் உள்விளிம்பிலும் அடுத்ததை வெளிவிளிம்பிலும் வரைந்திருந்தால், அந்த வேறுபாடு முழுவதும் பரப்பில் மேடுபள்ளமாக ஏறிவிடும். கொடுத்த வெட்டுகள் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டே லாஃப்ட் செல்வதால், வெட்டுகளைக் கூட்டக் கூட்ட அலைதான் கூடும். பதினான்கை ஐந்தாறாகக் குறையுங்கள்.

அதற்கு முன்பு ஸ்கேனைச் சோதியுங்கள். காகிதமும் ஸ்கேனரும் நீளவாக்கில் ஒரு விதமாகவும் அகலவாக்கில் வேறு விதமாகவும் பிழை காட்டுவதுண்டு. பி-51டியின் இறக்கை நீட்டம் 11.28 மீட்டர், மொத்த நீளம் 9.83 மீட்டர், புரொப்பெல்லர் விட்டம் 3.40 மீட்டர். முன்தோற்றத்தில் புரொப்பெல்லர் சுழலும் வட்டம் வரையப்பட்டிருந்தால், அதைக் கிடையாகவும் செங்குத்தாகவும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் படத்தை அந்த விகிதத்தில் திருத்திய பிறகே வரையத் தொடங்க வேண்டும். வரைவதை அசல் விமானத்தின் முழு அளவிலேயே செய்வது என் பழக்கம். தெரிந்த அளவுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போக அது வசதி. புகைப்படத்தின் மேல் வெளிக்கோடு வரைவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கு பெருத்தும் வால் சிறுத்தும் பதிவாகியிருக்கும்.

மஸ்டாங்கைத் தேர்ந்தெடுத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன். 1940-இல் முதன்முதலாகப் பறந்த இந்த விமானத்தை நார்த் அமெரிக்கன் ஏவியேஷன் வடிவமைத்தபோது, அங்கு பணியாற்றிய ராய் லைமிங், உடலின் வளைவுகளைக் கையால் வளைத்த மரச்சட்டங்களை நம்பி வரையாமல் கூம்பு வளைவுகளாக (நீள்வட்டம், பரவளையம் போன்றவையாக) கணக்கிடும் முறையைக் கையாண்டார். ஆகவே ஸ்ப்லைனை விட்டுவிட்டு, ஃபியூஷனில் உள்ள கூம்பு வளைவுக் கருவியைப் பயன்படுத்துங்கள். இரு முனைகள், அவற்றின் தொடுகோடுகள் சந்திக்கும் புள்ளி, வளைவு எவ்வளவு புடைக்கும் என்பதைக் குறிக்கும் ரோ என்ற ஒரே எண் ஆகியவை போதும். ரோ 0.414 ஆக இருந்து, தொடுகோடுகள் செங்கோணத்தில் சந்தித்தால் கால் நீள்வட்டம் கிடைக்கும்; 0.5 பரவளையம்; அதற்கு மேல் போனால் அதிபரவளையமாகித் தோள்பகுதி புடைத்துக்கொள்ளும். ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்கு இந்த எண் சீராக மாறினால் பரப்பும் சீராக இருக்கும்.

வெட்டுகளைத் தாங்கும் நீளவாட்டுக் கோடுகளை முதலில் அமைத்துவிடுங்கள்: மேல் மையக்கோடு, கீழ் மையக்கோடு, அதிகபட்ச அகலக் கோடு. கடைசிக் கோட்டைப் பக்கத்தோற்றத்தில் ஒருமுறையும் மேல்தோற்றத்தில் ஒருமுறையும் வரைந்து, இரண்டும் வெட்டிக்கொள்ளும் முப்பரிமாண வளைவாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டிலும் வளைமைச் சீப்பை (வளைவின் அளவைப் பற்களின் நீளமாகக் காட்டும் கருவியை) இயக்கிப் பாருங்கள்; சீப்பின் பற்கள் ஏறி இறங்கி மறுபடி ஏறினால், கண்ணுக்கு நேராகத் தெரியும் கோட்டிலும் அலை ஒளிந்திருக்கிறது என்று பொருள். முதுகில் தெரியும் வரம்புக்குக் காரணம் வேறு. பாதி உடலை மட்டும் வரைந்து பிரதிபலிக்கும்போது, வெட்டின் முனை மையத் தளத்துக்குச் செங்குத்தாகப் புறப்படாவிட்டால் இரு பாதிகளும் கூரையைப் போல முட்டிக்கொள்ளும். அந்த முனையின் தொடுகோடு மையத் தளத்துக்குச் செங்கோணத்தில் இருக்கும்படி கட்டுப்பாட்டைப் போட்டுவிட்டால் வரம்பு மறைந்துவிடும்.

அடிவயிற்று ரேடியேட்டர் கூட்டையும் இறக்கை உடலோடு சேரும் இடத்து இணைவளைவையும் இதே லாஃப்டில் சேர்க்காதீர்கள். அவற்றைத் தனிப் பரப்புகளாகச் செய்து பிறகு பொருத்துங்கள். பின்னுடலுக்கு பி-51பியின் வெட்டுப் படங்களைக் கடன் வாங்குவதும் ஆகாது. டி வகையில் விமானி அறையின் குமிழ் விதானத்துக்காக முதுகு தாழ்த்தப்பட்டுள்ளது.

பரப்பு முடிந்ததும் 0.125 மடங்காகச் சுருக்குங்கள். நீளம் ஏறக்குறைய 1229 மி.மீ. வரும். ஃபார்மர்களையும் அவற்றின் காடிகளையும் (பலகைகள் ஒன்றோடொன்று பொருந்தும் வெட்டுகளையும்) சுருக்கிய பிறகே வரைய வேண்டும். நான் ஒருமுறை இந்த வரிசையை மாற்றிச் செய்து, 3 மி.மீ. பிளைவுட்டுக்கான காடிகள் எல்லாம் 0.375 மி.மீ. ஆகச் சுருங்கி நின்றதைப் பார்த்தேன். பால்சா உறை 2 மி.மீ. என்றால், பரப்பை உள்நோக்கி 2 மி.மீ. நகர்த்திய பின் ஃபார்மர் தளங்களால் வெட்டுங்கள். ஃபார்மரின் கோட்டை அதன் தளத்திலேயே உள்நகர்த்தினால், உடல் சரியும் இடங்களில் கணக்கு தவறும். சரிவு 20 பாகை இருக்கும் இடத்தில் 3 மி.மீ. ஃபார்மரின் இரு முகங்களுக்கும் இடையே பக்கத்துக்கு 1.1 மி.மீ. வேறுபாடு வரும் என்பதால், பெரிய முகத்தின் கோட்டை வெட்டி, விளிம்பைச் சாய்வாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

கடையில் 3 மி.மீ. என்று விற்கும் பிளைவுட்டை வெர்னியரால் அளந்தால் பெரும்பாலும் சற்றுக் குறைவாகவே இருக்கும். லேசரும் தன் பங்குக்குக் கொஞ்சம் எரித்துவிடும். எனவே அதே பலகையின் ஒரு துண்டில் 2.6 முதல் 3.0 வரை 0.1 மி.மீ. இடைவெளியில் காடிகளை வெட்டி, கையழுத்தத்தில் இறுக்கமாக அமரும் காடியின் அளவை மென்பொருளில் ஒரு மாறியாகக் கொடுத்துவிட்டு, பிறகு முழுப் பலகையையும் வெட்ட அனுப்புங்கள்.