அப்பா திருச்செல்வமா, மகன் நீலனா?

இலங்கைத் தமிழ் அரசியல்வாதியும் சட்டத்தரணியுமான நீலன் திருச்செல்வம் பற்றி ஐந்து நிமிடப் பேச்சு எழுதுகிறீர்கள், ஆனால் 1965இல் அமைச்சர், 1994இல் எம்.பி., எப்படிப் பார்த்தாலும் வயது இடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இடிக்கத்தான் செய்யும், அது இரண்டு பேர். 1965 முதல் 1968 வரை உள்ளூராட்சி அமைச்சராக இருந்தவர் அப்பா மு. திருச்செல்வம், தமிழரசுக் கட்சி. அவரும் சட்டத்தரணிதான் என்பதால் இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு வருகிறது.

நீலன் பிறந்தது 1944. ஹார்வர்டில் படித்தவர். 1994இல் தமிழர் விடுதலைக் கூட்டணி சார்பில் தேசியப் பட்டியல் எம்.பி. (தொகுதியில் நிற்காமல், கட்சியின் வாக்கு விகிதப்படி கிடைக்கும் இடம்) ஆனார்.

பிறப்பு, படிப்பையெல்லாம் அரை நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மீதியை 1995ஆம் ஆண்டின் தீர்வுப் பொதிக்குக் கொடுங்கள், அதாவது இனப்பிரச்சினைக்குத் தீர்வாக அதிகாரத்தைப் பிராந்தியங்களுக்குப் பகிர அரசு முன்வைத்த யோசனைகளுக்கு. அப்போதைய அமைச்சர் ஜி.எல். பீரிஸோடு சேர்ந்து அதை வடிவமைத்ததில் நீலனுக்குப் பெரிய பங்கு. 1978 அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரையை எடுத்துப் பாருங்கள்: இலங்கை 'ஒற்றையாட்சி' அரசு, அதாவது அதிகாரம் மத்தியிலேயே இருக்கும் அரசு, என்று இருக்கும். பொதியில் அந்தச் சொல் போய், 'பிராந்தியங்களின் ஒன்றியம்' வந்தது. சண்டை முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். அதைப் பலகையில் எழுதிக் காட்டினாலே கேட்பவர்களுக்குப் புரிந்துவிடும்.

அப்புறம், 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் காரில் போகும்போது தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். அந்தப் பொதியிலிருந்து வளர்ந்த புதிய அரசியலமைப்பு வரைவு பாராளுமன்றத்துக்கு வந்தது அதற்குப் பிறகு, 2000 ஆகஸ்ட்டில், நிறைவேறவில்லை. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள்.