தீபாவளிக்கு முன் நின்றுபோன மிக்சர்: பணம் திரும்ப வருமா?

கேள்வி: வக்கீலம்மாவுக்கு வணக்கம். போன ஏப்ரலில் ஜார்ஜ்டவுனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் 1,290 ரிங்கிட் கொடுத்து ஸ்டாண்ட் மிக்சர் வாங்கினேன். 5 லிட்டர் பாத்திரம், பெட்டியில் 1,400 வாட் என்று போட்டிருந்தது. கேக்கும் சுஜி பிஸ்கட்டும் செய்தவரை நன்றாகத்தான் ஓடியது. ஆகஸ்டிலிருந்து வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை ரொட்டி மாவு பிசைந்தேன். செப்டம்பரில் ஒருநாள் கடகடவென்று சத்தம், கருகல் வாசம். மோட்டார் ஓடுகிறது, மாவு பிசையும் கொக்கி அசையவில்லை. சர்வீஸ் சென்டரில் ஐந்து வாரம் வைத்திருந்து கொடுத்தார்கள். நாலாம் நாள் மறுபடி அதே கதை. இப்போது கேட்டால், "ஃபேஸ்புக்கில் பலகாரம் விற்கிறீர்கள், வியாபார உபயோகம், வாரண்டி செல்லாது" என்கிறார்கள். கடைக்காரர் ரசீதில் உள்ள "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற வரியைக் காட்டுகிறார். எட்டு தீபாவளி ஆர்டர் கைவிட்டுப் போனது, 900 ரிங்கிட் இருக்கும். தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் மட்டும்தான் ஆர்டர் எடுப்பேன். பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்தது வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது? வீட்டுக்காரர் தானே கழற்றிப் பார்க்கிறேன் என்கிறார்.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய ஐந்து படங்களில் வாரண்டி கார்டை மூன்று கோணத்தில் எடுத்திருக்கிறீர்கள். எனக்குப் பிடித்தது நாலாவது படம். வாங்குவதற்கு இரண்டு நாள் முன்பு கடைக்கு அனுப்பிய வாட்ஸ்அப் அது. "ரொட்டி மாவு பிசையுமா? ஒரு தடவைக்கு ஒரு கிலோ மாவு போடுவேன்" என்று கேட்டிருக்கிறீர்கள். "போலே, காக் (முடியும், அக்கா). 1 கிலோ நோ ப்ராப்ளம்" என்று பதில் வந்திருக்கிறது. உங்கள் வழக்கின் முதுகெலும்பே அந்த ஒரு வரிதான். போனை மாற்றும் யோசனை இருந்தால் முதலில் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

கடையும் சர்வீஸ் சென்டரும் வாரண்டி கார்டைச் சுற்றியே பேசுகிறார்கள், நீங்களும் அதிலேயே மாட்டிக்கொண்டீர்கள். கார்டு என்பது தயாரிப்பாளர் தானாக முன்வந்து தரும் வாக்கு. அதற்கு அப்பால், மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு விற்பனையோடும் சில உத்தரவாதங்களைச் சேர்த்தே தருகிறது. பிரிவு 32 பொருளின் தரத்தைப் பற்றியது: பாதுகாப்பாக, குறையில்லாமல், விலைக்கு ஏற்றபடி உழைக்க வேண்டும். பிரிவு 33, நீங்கள் இன்ன வேலைக்கு வேண்டும் என்று சொல்லி வாங்கினால் அந்த வேலைக்கு அது பொருந்த வேண்டும் என்கிறது. ரசீதில் எதை அச்சடித்தாலும் இவை போகாது. பிரிவு 6 அதைத் தெளிவாகவே சொல்கிறது. அந்த "திரும்பப் பெறப்படாது" வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஆனால் இந்தச் சட்டம் "பயனீட்டாளருக்கு" மட்டும்தான். சர்வீஸ் சென்டர் தெரிந்து சொன்னதோ தெரியாமல் சொன்னதோ, கை வைத்தது சரியான இடத்தில். பிரிவு 3இன்படி, வழக்கமாக வீட்டு உபயோகத்துக்கு வாங்கப்படும் பொருளை வாங்குகிறவர் பயனீட்டாளர். அதை முதன்மையாக மறுவிற்பனைக்கோ, ஓர் உற்பத்தியில் செலவழிப்பதற்கோ வாங்கினால் பயனீட்டாளர் ஆகமாட்டார். "முதன்மையாக" என்ற அந்தச் சொல்லில்தான் நீங்கள் பிழைக்கிறீர்கள். வருஷத்தில் இரண்டு பண்டிகைக்குப் பலகாரம் விற்கிறவர், மற்ற நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ரொட்டி சுடுகிறவர். அதோடு, உற்பத்தியில் செலவாவது வெண்ணெயும் மாவும்தான், மிக்சர் செலவாவதில்லை என்பது என் வாதம். எதிர்த்தரப்பு இதை மறுக்கலாம். நான் அந்தக் கடைக்கு வக்கீலாக இருந்தால் உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தைத்தான் முதலில் பிரிண்ட் எடுப்பேன்.

அதனால்தான் அந்த 900 ரிங்கிட்டை விட்டுவிடுங்கள் என்கிறேன். எதிர்பார்க்கக்கூடிய பின்விளைவு நஷ்டத்தையும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் "ஆர்டர் போன நஷ்டம்" என்று கோரிக்கைப் பாரத்தில் (படிவத்தில்) எழுதினால், நான் வியாபாரி என்று நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. 900க்கு ஆசைப்பட்டு 1,290ஐயும் விட வேண்டாம். பலகாரம் விற்பதை மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் எத்தனை ஆர்டர், எந்த மாதம் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொரு இடறலும் இருக்கிறது. நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்தில் ரொட்டி மாவுக்கு 600 கிராம் மாவு, வேகம் 2 என்று இருக்கிறது. நீங்கள் ஒரு கிலோ போட்டிருக்கிறீர்கள். அது போதாதென்று, "கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும்" என்று வேகத்தை நாலுக்கு ஏற்றியதாகவும் ஒத்துக்கொண்டீர்கள். (எங்கள் வீட்டு மிக்சரில் மாவு கொக்கியில் ஏறிக் கழுத்துவரை சுற்றிக்கொள்ளும்போது நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.) ஒரு சராசரி ஆள் எதிர்பார்க்கும் அளவை மீறிப் பயன்படுத்தியதால்தான் பழுது வந்தது என்று காட்டினால், பிரிவு 32இலேயே உள்ள விலக்கு கடையைக் காப்பாற்றும். இங்கேதான் அந்த வாட்ஸ்அப் வேலை செய்யும். ஒரு கிலோ போடலாம் என்று சொன்னது கடை. அதை நம்பித்தான் வாங்கினீர்கள். பிரிவு 33ஐ முன்னால் வையுங்கள், 32 பின்னால் வரட்டும். நாலாம் வேகத்துக்கு மட்டும் கையில் நல்ல பதில் இல்லை. ஆனால் பழுதுபார்த்து வந்த பிறகு இரண்டாம் வேகத்தில்தான் ஓட்டினேன், அப்படியும் நாலாம் நாள் போனது என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய பலம்.

சத்தம் போட்டு, மோட்டார் ஓடி, கொக்கி நிற்கிறது என்றால் பெரும்பாலும் உள்ளே பல்சக்கரத்தின் பல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மோட்டார் எரியாமல் இருக்கட்டும் என்று சில மிக்சர்களில் ஒரு சக்கரத்தை வேண்டுமென்றே நைலானில் வைப்பார்கள். முதல் தடவை எதை மாற்றினார்கள், ஏன் மறுபடி போனது என்று சர்வீஸ் சென்டரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்குச் சாட்சி இருக்கும்.

இனி நடைமுறைக்கு வருவோம். பழுதைச் சரிசெய்ய நியாயமான அவகாசம் கொடுத்தும் கடை சரிசெய்யத் தவறினால், பொருளை நிராகரித்துப் பணத்தைக் கேட்கலாம். நிராகரிப்பதையும் நியாயமான காலத்துக்குள் செய்ய வேண்டும், ஆகவே இந்த வாரமே கடைக்கு ஒரு கடிதம் போகட்டும். வாங்கிய தேதி, விலை, வாட்ஸ்அப்பில் சொன்னது, இரண்டு தடவை பழுதான தேதி, "இந்தப் பொருளை நிராகரிக்கிறேன், காரணம் இது" என்ற ஒரு வரி, 14 நாளில் 1,290 ரிங்கிட் வேண்டும். அவ்வளவுதான். கோபத்தை எழுத வேண்டாம்.

பதில் வராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம், நம் ஆட்கள் சொல்லும் திரிபுனல். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது, பினாங்கிலும் இருக்கிறது. முதலாம் பாரம், கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். கோரிக்கை எழுந்து 3 வருஷத்துக்குள் போட வேண்டும். கடையோடு, வெளிநாட்டுத் தயாரிப்பாக இருந்து தயாரிப்பாளருக்கு இங்கே அலுவலகமும் இல்லை என்றால் இறக்குமதி செய்தவரையும் பிரதிவாதியாகச் சேருங்கள். அந்த நிலையில் சட்டத்தின் கண்ணில் அவரும் தயாரிப்பாளர்தான். அங்கே வக்கீல் வரமுடியாது. என் பிழைப்புக்கே இடமில்லாத இடம், ஆனாலும் நல்ல இடம்தான். விசாரணை நாளில் நீங்கள் போகாமல் இருக்காதீர்கள், கோரிக்கை தள்ளுபடியாகிவிடும். தீர்ப்பு வந்து 14 நாளில் கடை பணம் தராவிட்டால் அது குற்றம்.

ஒருவேளை நடுவர் நீங்கள் பயனீட்டாளர் இல்லை என்று சொல்லிவிட்டால், மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழி இருக்கிறது. 5,000 ரிங்கிட் வரை, அங்கும் வக்கீல் தேவையில்லை. அப்போது துணைக்கு வருவது 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டம். நம் பினாங்குக்கு அது 1990இல்தான் வந்து சேர்ந்தது. அதிலும் பொருத்தம், தரம் பற்றிய நிபந்தனை உண்டு. ஆனால் அந்த நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் விலக்கிவைக்கலாம் என்பதால் ரசீது வரிக்கு அங்கே கொஞ்சம் உயிர் வரும். அதனால் இது இரண்டாவது வழிதான்.

அடுத்த மிக்சருக்கு: வாட் என்பது அது இழுக்கும் மின்சாரம், கொக்கியின் பலத்துக்கு அளவுகோல் ஆகாது. பாத்திரத்தின் லிட்டரும் ஏமாற்றும். கையேட்டை வாங்கி, ரொட்டிக்கு எத்தனை கிராம் மாவு, எந்த வேகம், எத்தனை நிமிஷம் என்பதைப் பாருங்கள். கேக்குக்கு மட்டும் என்றால் மிக்சரின் தலை பின்னால் சாயும் வகையே போதும். வாரம் இரண்டு தடவை ஒரு கிலோ மாவு என்றால் பாத்திரத்தைத் தூக்கும் வகையைப் பாருங்கள், அல்லது மாவை இரண்டாகப் பிரித்துப் பிசையுங்கள். சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கிறதா, உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று கேளுங்கள். அமெரிக்காவிலிருந்து மலிவாக வரும் 120 வோல்ட் மிக்சரை நம் 240 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் வீணாகிவிடும். அப்புறம், பலகாரம் விற்பதையும் கடைக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள். வாரண்டி அதற்குப் பொருந்துமா என்று அவர்களே எழுத்தில் பதில் சொல்லட்டும்.

வீட்டுக்காரர் விஷயம். ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். கழற்றிவிட்டால், கெடுத்தது நீங்கள்தான் என்று சொல்லக் கடைக்கு வழி கிடைத்துவிடும், நிராகரிக்கும் உரிமையே ஆட்டம் காணலாம். மாவு ஒட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, கொக்கியோடு அப்படியே பெட்டியில் போட்டு டேப் ஒட்டி வையுங்கள்.