ஓதம் ஏறிய சுவரைப் பலகையால் மூடலாமா?

கேள்வி: வாடகைக்கு விடுவதற்காகப் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்கினேன். குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, பூச்சு உப்புப் பூத்து உதிர்கிறது. அதன்மேல் பிவிசி பலகை அடித்துவிட்டால் அடுத்த வாரமே ஆள் குடிவைக்கலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பலகைக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் ஈரம் காயாமல் பூஞ்சை படரும். அந்த வாடையைக் குடியிருப்பவர் தம் துணி அலமாரியில் உணரும்போது, பலகையைப் பிரிக்கும் கூலியும் சேர்ந்து உங்கள் தலையில் விழும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் கவனியுங்கள். முள் நகர்ந்தால், பெரும்பாலும் சுவருக்குள் ஓடும் குழாய் கசிகிறது. நகராவிட்டால், கீழ்வீட்டாரிடம் சொல்லிவிட்டு, குளியலறையின் வடிகால் வாயை அடைத்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கினாலோ சுவரின் ஈரம் கூடினாலோ, தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது என்று பொருள். டைல்ஸைப் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். புதிய பூச்சைத் தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்ற வேண்டும். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத வாட்டமும் வடிகாலை நோக்கி இருக்க வேண்டும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. இதில் தடுமாறுபவர்கள் மிகுதி என்பதால் விரித்தே சொல்கிறேன். சில சுவர்களில் கசிவே இருக்காது. அறையின் ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டு நீராக மாறியிருக்கும். முழம் அகலமுள்ள பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உட்புறம் உலர்ந்து, அறையைப் பார்த்த பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம். அதற்குத் தரையை உடைக்கத் தேவையில்லை, காற்றுப்போக்கி விசிறி ஒன்றே போதும். இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் கசிவு என்றே கொள்ளுங்கள். உங்கள் சுவரில் ஓதம் குளியலறைப் பக்கம் மட்டும், அதுவும் அடியில் மட்டும் இருப்பதால், இந்த விலக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பணம். "மொத்தமாக இவ்வளவு" என்று ஒரே வரியில் தரும் மதிப்பீட்டை ஏற்காதீர்கள். டைல்ஸுக்கு அடியில் உள்ள நீர்த்தடுப்புப் பூச்சை ஒரு முறை பூசினார்களா, மூன்று முறை பூசினார்களா என்று பிறகு எவராலும் பார்க்க முடியாது. அங்கேதான் மிச்சம் பிடிக்கிறார்கள். பொருளையும் நானே வாங்கித் தருகிறேன் என்பவர் விற்பனையாளரிடம் பெறும் கமிஷன், உங்கள் கணக்கில்தான் ஏறும். நீண்ட ஆண்டு உத்தரவாதம் என்று நீட்டப்படும் அட்டையைப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் அது பொருளுக்கு மட்டும்தான். வேலையில் கோளாறு என்றால் கம்பெனி ஒப்பந்ததாரரைக் காட்டும், அவர் கம்பெனியைக் காட்டுவார். மின்விளக்கு வாங்கினால்கூடக் கடையில் எரியவைத்துக் காட்டுகிறார்கள். ஒரு வீட்டின் குளியலறையைத் தண்ணீர் தேக்கிக் காட்டாமலே கையளிப்பது எப்படி வழக்கமானது என்று இத்தனை ஆண்டுகளாகியும் எனக்கு ஆற்றாமைதான்.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: பூச்சு காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுமுன், உங்கள் கண்ணெதிரே மீண்டும் 24 மணி நேரம் தண்ணீர் தேக்க வேண்டும், அது தேறிய பின்பே அடுத்த தவணை. படுக்கையறைச் சுவரின் உப்புப் பூத்த பூச்சை, ஈரக்கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை செங்கல் தெரியக் கொத்தி, சுவர் உலர்ந்தபின் புதிதாகப் பூசி, நான்கு வாரம் காயவிட்டுப் பெயின்ட் அடியுங்கள். அந்த ஒரு மாத வாடகை போகட்டும், அடுத்த வாரமே ஆளை வைக்காதீர்கள்.