டி.என்.ஏ.வில் பழுது ஏற்பட்ட இடம் பழுதுநீக்கும் புரதங்களுக்கு எப்படித் தெரிகிறது? யார் அவற்றை அங்கே அனுப்புகிறார்கள்?

யாரும் அனுப்புவதில்லை. முதலில் வந்து சேரும் புரதம் தற்செயலாகத்தான் வந்து சேர்கிறது.

முதுகலை படித்த நாட்களில் இந்த விடையை என் மனம் ஏற்கவே இல்லை. ஒரு மனித செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதைச் சுருட்டி வைத்திருக்கும் உட்கருவோ மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதற்குள் ஓரிரு எழுத்துகள், அதாவது டி.என்.ஏ. இழையின் அடிப்படை அலகுகள், கெட்டால், அலைந்து திரிந்தே கண்டுபிடித்துவிட முடியுமா என்ன?

நுண்ணோக்கி அறையில் கழிந்த ஒரு பிற்பகல்தான் என்னை மாற்றியது. பழுதுநீக்கும் புரதம் ஒன்றோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்திருந்தோம். திரையில் உட்கரு முழுவதும் பச்சை. லேசரால் அதன் குறுக்கே ஒரு பட்டையை மட்டும் ஒளியிழக்கச் செய்தோம். கறுப்புக் கோடு விழுந்தது. அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்து நிமிர்ந்தேன், கோட்டைக் காணவில்லை! சுற்றியிருந்த ஒளிரும் புரதங்கள் அதற்குள் புகுந்து கலந்துவிட்டிருந்தன. அங்கே எதுவும் ஓரிடத்தில் காத்திருக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

இதே உத்தியை வைத்து ராட்டர்டாமில் ஹவுட்ஸ்முல்லர் குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. சீன வெள்ளெலியின் செல்களில் ஈ.ஆர்.சி.சி.1–எக்ஸ்.பி.எஃப். என்ற புரத இணையைப் பின்தொடர்ந்தார்கள். பழுதான இழையை வெட்டும் கத்தரிக்கோல் அது. பழுது இல்லாதபோது அது நொடிக்குச் சுமார் 15 சதுர மைக்ரோமீட்டர் என்ற அளவில் பரவியது. அந்த வேகத்தில் உட்கருவை ஓரிரு நொடிகளில் கடந்துவிடலாம். புற ஊதாக்கதிரைப் பாய்ச்சியதும் அவற்றில் ஒரு பகுதி அசையாமல் நின்றது. கதிரின் அளவு கூடக்கூட நின்றவையும் கூடின. சுமார் நான்கு நிமிடங்களில் மறுபடியும் ஓட்டம்.

பழுதுநீக்கும் புரதங்கள் எல்லாம் முன்பே ஒன்றுகூடி, பெரிய இயந்திரமாக இழை நெடுகச் சோதித்துக்கொண்டு போகின்றன என்று ஒரு கருத்து இருந்தது. அப்படியானால் இந்த வேகம் வராது. அம்மி கொத்துபவரை யாரும் ஆள் அனுப்பி அழைத்ததில்லை. அவர் தெருத்தெருவாக வருவார், தேய்ந்த அம்மி இருக்கும் வீட்டில் உட்காருவார், கொத்தி முடித்ததும் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். புரதங்களும் அப்படித்தான், தனித்தனியாகவே சுற்றுகின்றன.

அப்படியானால் வேலை எப்படி வரிசையாக நடக்கிறது? புற ஊதாக்கதிர் பட்டு அருகருகே உள்ள இரண்டு தைமின் எழுத்துகள் ஒட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். இழை லேசாக வளையும். டி.டி.பி.2 என்ற புரதம் அந்த வளைவைப் பற்றிக்கொண்டு எக்ஸ்.பி.சி. என்ற அடுத்த புரதத்துக்கு வழிவிடும். எக்ஸ்.பி.சி. கெட்ட எழுத்தைத் தொடுவதே இல்லை, எதிரே இருக்கும் நல்ல இழையைத்தான் பிடிக்கிறது. (இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.) பிறகு டி.எஃப்.ஐ.ஐ.எச். என்ற புரதத் தொகுதி இழைகளைப் பிரிக்கும். எக்ஸ்.பி.ஜி. என்ற இன்னொரு வெட்டும் புரதம் ஒரு பக்கமும் நம் கத்தரிக்கோல் மறுபக்கமும் வெட்ட, முப்பது எழுத்துகள் அளவுள்ள துண்டு கழன்றுவிடும். நல்ல இழையைப் பார்த்து இடைவெளி நிரப்பப்படும். முந்தைய புரதம் அமைத்துக் கொடுத்த வடிவம்தான் அடுத்ததற்குப் பிடிமானம். அது இல்லாதபோது அடுத்தது வந்தாலும் நிற்காமல் போய்விடும்.

தவறவிடாதா என்றால், தவறவிடும். ஆனால் ஒவ்வொரு புரதத்துக்கும் ஏராளமான பிரதிகள் உண்டு, அவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு இழைகளும் ஒருசேர முறிந்தால் செல் அழைப்பும் விடுக்கிறது. ஏ.டி.எம். என்ற நொதி முறிவின் இருபுறமும் லட்சக்கணக்கான எழுத்துகள் தூரத்துக்கு டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் எச்.2.ஏ.எக்ஸ். என்ற புரதத்தில் பாஸ்பேட் குறி வைக்கும். அந்தக் குறியைப் பார்த்து மற்றவை வந்து குவியும். ஆனால் அங்கேயும் முறிவை முதலில் கண்டுபிடிப்பது, அந்தப் பக்கமாக அலைந்து வந்த ஏதோ ஒரு புரதம்தான்.